மேன்ஹோல் வாசலில் நிற்கிறவர்

பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் போகும்போது தெற்குப் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சில நாட்களில் குந்துகால் பக்கமாக ஓர் இழுவைக் கப்பலோ, சரக்கு ஏற்றும் தட்டையான பார்ஜோ, சின்னச் சரக்குக் கப்பலோ நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். மேற்குக் கரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கிளம்பி காரைக்கால், சென்னை, கொல்கத்தா என்று போகிறவை அவை. பெரிய கப்பல்களுக்கு இந்த வழி கிடையாது. ஆழம் போதாது, இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். தண்ணீரில் அதிகம் அமிழாத சின்னக் கப்பல்கள் மட்டும் துறைமுக அலுவலக அனுமதி, ரயில் இல்லாத நேரம், நீரோட்டம், வழிகாட்டும் பைலட் எல்லாம் கூடி வரும்வரை காத்திருந்து, ரயில் பாலம் வழிவிட்டதும் கடந்து போகும். 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளாக விரிந்து வழிவிட்டுவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது.

அப்படிக் காத்திருந்த ஒரு கரையோரச் சரக்குக் கப்பலில்தான் மாலுமிகளுக்கான பயிற்சிப் படம் எடுத்தேன். எனக்குப் பாம்பன் பக்கம்தான் ஊர். கல்யாணம், முளைப்பாரி, ஏர்வாடி சந்தனக்கூடு, சர்ச் திருவிழா, அப்புறம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் பவளப்பாறைகளைப் பற்றியும் சில குறும்படங்கள் என்று என் தொழில் ஓடுகிறது. கம்பெனி கேட்டது ஒரே விஷயம். மூடிய தொட்டிக்குள் எப்படி இறங்குவது, இறங்கியவர் விழுந்துவிட்டால் எப்படி மீட்பது என்று ஒரு படம். அவர்களுடைய சின்னக் கப்பல்களிலும் பார்ஜ்களிலும் தூத்துக்குடி, ராமநாதபுரம் ஆட்கள் நிறைய இருப்பதால் தமிழில் வேண்டும் என்றார்கள்.

ஷூட்டிங் கதைக்கு முன்னால், இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு படகு சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லை என்றால் ஊரே கடலுக்குப் போகும். யார் படகு, போன வாரம் அவனோடு யாருக்குச் சண்டை என்று அப்போது ஒருவரும் கேட்பதில்லை. டீசல் செலவு யார் தலையில் என்பதெல்லாம் அப்புறம். தண்ணீரில் ஒருத்தன் தத்தளிக்கும்போது கரையில் நின்று பார்க்கிறவனை எங்கள் ஊர் மனுஷனாகவே மதிக்காது. நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன். அதைவிடப் பெரிய குணம் இந்தக் கரையில் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதே குணம்தான் ஓர் இரும்புத் தொட்டியின் வாசலில் இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும் கொல்கிறது.

கப்பல்வரை போக வேண்டாம். தூர் வார கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போன தம்பியும் விழுந்தார், சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வயல்காரரும் விழுந்தார் என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளிலும் இதே வரிசைதான். முதல் ஆள் வேலைக்காக இறங்குகிறார், அடுத்தவர்கள் பாசத்துக்காக இறங்குகிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் ஒரு கணக்குச் சொன்னது: மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள்.

கப்பல் உலகத்தில் எல்லாப் பயிற்சியாளரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 2007 செப்டம்பர் 23. பிரிட்டனுக்குக் கிழக்கே, கடலில் உள்ள எரிவாயு மேடைகளுக்குக் காவலாக நின்ற வைகிங் ஐலா என்ற கப்பல். ஆபத்தில் இருப்பவர்களை மீட்பதுதான் அந்தக் கப்பலின் வேலையே. நங்கூரச் சங்கிலி, அதை வைக்கும் அறையான லாக்கருக்குள் ஆடிச் சத்தம் போடுகிறது, கட்டிவிடலாம் என்று ஒருவர் இறங்கினார். விழுந்தார். உடன் வந்தவர் சத்தம் கொடுத்துவிட்டு அவரைத் தூக்க இறங்கினார். அவரும் விழுந்தார். மூன்றாமவர் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு வந்தார், ஓட்டைக்குள் நுழைய முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தீ விபத்தில் வெளியே தப்பி ஓடுவதற்கென்று வைத்திருக்கும் சின்ன மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். உள்ளே விஷவாயு எதுவும் தேவைப்படவில்லை. துருப்பிடிக்கிற இரும்பே காற்றிலிருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருந்தது.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி இதைச் சொன்னபோது எனக்கு அந்த மூன்றாவது மனிதர்தான் மனதில் நின்றார். அவருக்குக் கருவி தெரியும், பயிற்சி உண்டு, ஆபத்து என்னவென்றும் தெரியும். கீழே இரண்டு நண்பர்கள் கிடக்கிறார்கள். அந்த இடத்தில் என் அப்பா இருந்திருந்தாலும் இறங்கியிருப்பார்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தில் 2015-இலிருந்து, மூடிய இடத்துக்குள் இறங்கும் வேலையிருக்கிற மாலுமிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதற்கான மீட்பு ட்ரில்லில் கலந்துகொண்டே ஆக வேண்டும். ஆக்சிஜனையும் மற்ற வாயுக்களையும் அளக்கும் கையடக்க மீட்டர் 2016 ஜூலையிலிருந்து கப்பலில் இருந்தே ஆக வேண்டும். படம் எடுக்கிறவனாக எனக்குச் சந்தோஷம் தந்த விதி இன்னொன்று. உயிர்காக்கும் கருவிகளைப் பற்றி ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டிய பயிற்சிக் கையேட்டின் எந்தப் பகுதியையும், புத்தகத்துக்குப் பதில் ஒலி, ஒளி வடிவில் தரலாம் என்று அதே சோலாஸ் சொல்கிறது. படம் பார்ப்பதும் கையேடு படிப்பதும் அங்கே சமம். அப்படியானால் எடுக்கிறவன் பொறுப்பும் அதே அளவு.

மாசி மாதம், தென்கடல் அமைதியாக இருந்த நாட்கள். வல்லத்தில் போய்க் கப்பலின் ஏணியைப் பிடித்தோம். அலை வல்லத்தைத் தூக்கும் உச்சத்தில்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும். தாழ்ந்திருக்கும்போது வைத்தால் அடுத்த அலையில் வல்லம் எழும்பி வந்து காலை நசுக்கிவிடும். மேலே ஏறியதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ, எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என்று அரை மணி நேர வகுப்பு. ட்ரோன் ஆசையைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, நடுவில் பாலம். அந்த வானத்தில் எதையும் பறக்கவிட எனக்கு விருப்பமில்லை.

கரையிலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்ட கப்பல் சும்மா நிற்பதுபோல் இருக்கும். ஏறிப் பார்த்தால்தான் தெரியும், ஓடும்போது செய்ய முடியாத வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கிறது. ஒரு பக்கம் சுத்தியலால் துரு தட்டுகிறார்கள், ஒரு பக்கம் பெயின்ட், இயந்திர அறையில் பம்ப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், மேலே கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நங்கூரம் நகர்கிறதா என்று ஒருவர் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில் கேமராவோடு நாங்கள். சீஃப் ஆபீசர் தூத்துக்குடிக்காரர், முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். யார் எப்போது வாட்ச், யார் எப்போது தூக்கம் என்று எழுதியிருந்தது.

"இந்தத் தூக்க நேரத்துல மட்டும் யாரையும் கூப்பிடாதீங்க. உங்க படத்தைவிட இது முக்கியம்" என்றார்.

24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்பது மாலுமிகளுக்குச் சர்வதேச விதி. தூக்கம் கெட்ட மனிதனை வைத்துப் பாதுகாப்புப் படம் எடுப்பதில் அர்த்தம் இல்லை என்பதால், எங்கள் ஷூட்டிங் அட்டவணை முழுவதையும் அந்தத் தாளை ஒட்டித்தான் போட்டோம்.

கப்பலுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஓரிடத்தில் வெளிச்சம் பார்த்து கேமரா வைத்தால், நீரோட்டம் மாறும்போது கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். முகத்தில் விழுந்த வெயில் முதுகுக்குப் போய்விடும். பாம்பன் பக்கம் ஓட்டம் பலமானது. பிரிட்ஜில் இருப்பவரிடம் எந்நேரத்துக்குத் திரும்பும் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி காட்சிகளைப் பிரித்துக்கொண்டோம். மேல்தள ஆட்களின் தலைவரான போசனிடம் சொன்னால் துரு தட்டுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார், ஜெனரேட்டரை நிறுத்த முடியாது. அந்த இரைச்சலைப் படத்தில் அப்படியே விட்டுவிட்டேன். கப்பலில் யாருமே நிசப்தத்தில் வேலை செய்வதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கப்பல்காரர்கள் என்பது இன்னொரு கட்டுப்பாடு. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே ஓரமாக நிற்கும் ஒருவரின் ஹெல்மெட் வார் தொங்கினால் மொத்தக் காட்சியும் போச்சு. "இவனே மாட்டலையே" என்று ஒருவன் சொல்லிவிட்டால் மெஸ் ரூமில் அதற்கப்புறம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. தேர்ட் ஆபீசர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் என் தோளுக்குப் பின்னால் நின்று கையுறை, வார், ஷூ என்று சரிபார்த்தார்.

கதைக்கு நடு ஆள் யார் என்பதில்தான் எனக்கும் கம்பெனிக்கும் முதல் வாதம் வந்தது. அவர்கள் கொடுத்த ஸ்கிரிப்டில் கேமரா தொட்டிக்குள் இறங்குகிறது. இருட்டு, டார்ச் வெளிச்சம், மூச்சு வாங்கும் சத்தம், விழுகிற மனிதர். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும்தான். ஆனால் அந்த விறுவிறுப்புக்குத்தான் நான் பயந்தேன். கேமரா உள்ளே போனால் பார்க்கிறவன் மனசும் கூடவே உள்ளே போகிறது, போகவும் முடிகிறது. நான் சொன்னது இதுதான்: கேமரா தொட்டியின் திறப்பான மேன்ஹோலைத் தாண்டி ஓர் அங்குலம்கூட உள்ளே போக வேண்டாம். படம் முழுக்க வாசலில் நிற்கிற ஆளோடு நிற்கட்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அட்டெண்டன்ட் என்பார்கள். உள்ளே யார் யார், எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று குறித்துக்கொள்வது, குறிப்பிட்ட இடைவெளியில் வாக்கிடாக்கியில் பேசுவது, பதில் வராவிட்டால் அலாரம் கொடுப்பது. என்ன ஆனாலும் தான் இறங்கக் கூடாது. தொட்டி வேலையில் மற்றவர்கள் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள், இவர் நின்றுகொண்டிருப்பார். அதனாலேயே பல கப்பல்களில் இந்த வேலைக்குப் புதுப் பையனை நிறுத்திவிடுகிறார்கள். டீ எடுத்து வா என்று அவனைப் பாதியில் அனுப்புவதும் உண்டு என்று கப்பல்காரர்களே சொன்னார்கள்.

அந்த ஆளாக நடிக்க போசன் காக்காவை (காக்கா என்றால் அண்ணன்) கேட்டேன். பெரியபட்டினத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் கடல். அவருடைய வாப்பா சங்கு குளித்தவர். முதலில் சிரித்தார். "நிக்கிறதுக்கு எதுக்குத் தம்பி போசன்?" என்றார். பிறகு தொட்டி வாசலில் நின்று, உள்ளேயிருந்து பதில் வராத அந்தக் காட்சியை எடுத்தபோது அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"முடியலை தம்பி. உள்ள என் மகன் வயசுப் பய கெடக்கான்னு நெனச்சாலே கால் தானா முன்ன போகுது."

"போகட்டும் காக்கா. கால் போறதும் நீங்க நிறுத்துறதும் தெரியணும். அதைத்தான் எடுக்கணும்."

அவர் திறப்பைச் சுற்றி எழும்பி நிற்கும் இரும்பு விளிம்பான கோமிங்கைப் பிடித்துக்கொண்டார். ஒரு கால் எழும்பி விளிம்பில் ஏறியது. வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டுவந்து, பிரிட்ஜைக் கூப்பிட்டு, எந்தத் தொட்டி, எத்தனை பேர், எப்போதிருந்து பதில் இல்லை என்று மூன்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கால் விளிம்பில்தான் இருந்தது. அப்புறம் கீழே வைத்தார். வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. என் கண்ணுக்கு அந்த ஷாட் போதும், மீதிப் படம் அதற்குத் துணைதான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னதை வைத்து இன்னொரு பகுதி உருவானது. "எங்க வாப்பா தண்ணிக்கடியில மூச்சு முட்டுனா மேல வந்துருவாரு. உடம்பே சொல்லும். தொட்டியிலயும் அப்படித்தான் சொல்லும், வெளிய வந்துரலாம்னு பயலுக நெனைக்கிறானுக" என்றார். இந்தக் கரையில் கடலோடு பிறந்த ஒவ்வொருவருக்கும் மூச்சு முட்டுவது தெரியும், அதன்மீது நம்பிக்கையும் உண்டு. ஆனால் மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. உள்ளே கரியமில வாயு சேர்வதால் வருவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கும்போது அது சேர்கிறது, உடம்பு எச்சரிக்கிறது. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் நீங்கள் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். கரியமில வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும். முட்டாது, திணறாது. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 6 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் கிட்டத்தட்ட உடனே நினைவு தப்பிவிடும், ஏணியில் திரும்பி ஏறும் யோசனை வருவதற்கு முன்னாலேயே. போசன் காக்காவை உட்காரவைத்து, வாப்பாவைப் பற்றிப் பேசவிட்டு, அதிலிருந்தே இந்த விளக்கத்துக்குப் போனோம். எந்தப் படம் வரைந்து காட்டியிருந்தாலும் இவ்வளவு தெளிவு வந்திருக்காது.

அடுத்தது மீட்டர். தொட்டியைத் திறந்து, ப்ளோயர் போட்டுக் காற்றோட்டம் கொடுத்து, அதை நிறுத்திவிட்டுக் குழாயை இறக்கி அளக்க வேண்டும். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்தில். மீத்தேன் லேசானது, மேலே நிற்கும். அழுகிய சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தங்கும். அதன் நாற்றத்தை நம்பவும் முடியாது, அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். குழாய் எவ்வளவு நீளமோ அதற்குத் தகுந்தாற்போல் கீழேயிருந்து காற்று மேலே வந்து சேர நேரம் எடுக்கும். அதற்குள் எண்ணைப் பார்த்துவிட்டு "ஓகே" சொன்னால், நீங்கள் அளந்தது குழாய்க்குள் ஏற்கெனவே இருந்த நல்ல காற்றை.

எடிட்டிங்கில் எந்தத் தொழில்காரனும் முதலில் வெட்டுவது இந்தக் காத்திருப்பைத்தான். நான் வெட்டவில்லை. சீஃப் ஆபீசர் மீட்டரைப் பார்த்தபடி நிற்கிறார், பம்ப் மெதுவாக இரைகிறது, ஒரு கடற்காக்கை போகிறது, எண் அசைகிறது, நிற்கிறது. முழு நேரமும் படத்தில் இருக்கிறது. இந்த நேரம் எவ்வளவு நீளம் என்று மெஸ் ரூமில் உட்கார்ந்து ஒருமுறை உடம்பால் உணர்ந்தவன், அடுத்த முறை அவசரப்படும் ஆபீசரிடம் "சார், இன்னும் ஆகலை" என்று சொல்லக்கூடும். வாயால் சொல்லிக்கொடுத்தால் அந்தத் தைரியம் வராது என்பது என் எண்ணம்.

சீஃப் ஆபீசர் ஆரம்பத்திலேயே பிரித்துச் சொல்லியிருந்தார்: "ஷூட்டிங் வேற, ட்ரில் வேற. ட்ரில் லாக் புக்ல ஏறும். அதுக்கு ரீடேக் கிடையாது." கப்பலுக்கு அந்த இரண்டு மாத ட்ரில் நாளும் காத்திருப்புக்குள்ளேயே வந்தது. பக்கத்துப் படகுகள் பயந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். கப்பலுக்குள் ஒலிபெருக்கியில் இது பயிற்சி என்று அறிவித்தார்கள். ஏழு குட்டை ஒலி, ஒரு நீள ஒலி. நாங்கள் மூலைகளில் ஒதுங்கி நின்று எடுத்தோம்.

பழைய கயிறும் கந்தலும் திணித்த பாய்லர் சூட் ஒன்று தொட்டிக்குள் கிடந்தது. அதுதான் விழுந்த ஆள். தொட்டி காற்றோட்டம் கொடுத்து அளந்து முடித்த தொட்டி, ஆனால் ட்ரில் விதிப்படி விஷத்தொட்டியாகவே நடத்த வேண்டும். ஏபி என்கிற மாலுமி ஒருவர், முதுகில் காற்று சிலிண்டரோடு வரும் மூச்சுக் கருவியான பிஏ செட் மாட்டிக்கொண்டு வந்து மேன்ஹோலில் கால்விட்டு இறங்கினார். இடுப்புவரை போனார். முதுகுச் சிலிண்டர் விளிம்பில் தட்டி நின்றது. சாய்ந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி அவர் கை தோள்வாருக்குப் போனது, கழற்றுவதற்கு. போசன் காக்கா, இது கேமராவுக்காக இல்லை, தொண்டை கிழியக் கத்தினார்: "கழட்டாதே! வெளிய வா!"

வெளியே வந்தார். சீஃப் ஆபீசர் தொட்டியின் மறுமுனையிலிருந்த அகலமான திறப்பைத் திறக்கச் சொன்னார். அங்கிருந்து இறங்கி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, முக்காலி வைத்துக் கயிற்றில் தூக்கினார்கள். பிஏ செட்டில் குறைந்தது 1200 லிட்டர் காற்று, சாதாரணக் கணக்கில் அரை மணி நேரம். மூச்சிரைக்க வேலை செய்தால் அவ்வளவு வராது. தூக்கிக்கொண்டிருக்கும்போதே செட்டின் விசில் ஊதத் தொடங்கியது, காற்று தீரப்போகிறது என்று. அந்த விசிலை என் மைக் அருமையாகப் பிடித்திருந்தது. மீட்பவருக்கும் மீதி நேரம் எவ்வளவு என்று அந்தச் சத்தத்தைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வாதம் இதைப் பற்றித்தான். ஓட்டையில் ஆள் மாட்டிக்கொண்ட பகுதியை வெட்டிவிடலாம், கப்பலுக்குக் கெட்ட பெயர் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். நான் அதை வெட்டினால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வைகிங் ஐலாவில் மூன்றாவது மனிதருக்கு நடந்தது இதுதானே. எந்தத் திறப்பில் செட்டோடு நுழைய முடியும், எதில் முடியாது என்று ஒவ்வொரு கப்பலும் சும்மா இருக்கும்போதே மாட்டிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். தப்பி ஓடுவதற்கான ஈஈபிடி கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போகவே கூடாது. அதில் 10 நிமிடத்துக்கு மேல் காற்று இருக்கும் என்று நம்ப முடியாது, செய்ததும் வெளியே ஓடத்தான். இதை நூறு வரி வசனத்தில் சொல்வதைவிட, சிலிண்டர் விளிம்பில் இடித்து நின்ற அந்த 'டங்' சத்தம் நன்றாகச் சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரி என் பக்கம் நின்றார். காட்சி தங்கியது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தொட்டிக்குள் ரேடியோ வேலை செய்யாமல் போவதும் ஷூட்டிங்கிலேயே தெரிந்தது. சுற்றிலும் இரும்பு. நான் உள்ளே இறங்கியவரின் சட்டையில் குத்திய வயர்லெஸ் மைக் இரண்டாவது தட்டைத் தாண்டியதும் ஊமையானது. வாக்கிடாக்கியும் அந்த மூலையில் கரகரத்தது. இறங்குவதற்கு முன் எங்கெங்கே பேச்சு எட்டுகிறது என்று சோதித்து, எட்டாத இடத்துக்குக் கயிற்றுச் சைகையோ நடுவில் ஓர் ஆளோ வைப்பதும், உள்ளே போக எழுதித் தரும் அனுமதியான பெர்மிட்டில் ஒரு படி. அதையும் சேர்த்தோம்.

பாலம் திறக்கும் தகவல் வந்ததும் எங்கள் வேலை நின்றது. பைலட் ஏறினார், நங்கூரம் ஏறியது, சங்கிலியின் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். வடக்குப் பக்கம் இறக்கிவிடுவதாகச் சொன்னதால் நாங்களும் உடன் போனோம். சாலைப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனம் கை அசைத்தது. பல முறை நானே அங்கே நின்று அசைத்திருக்கிறேன். கப்பலில் பதிலுக்குக் கை அசைக்க யாருக்கும் கை ஒழியவில்லை. முன்னால் போசன் காக்கா நங்கூரத்தை எந்த நொடியும் விடத் தயாராக நின்றார், பிரிட்ஜில் பைலட் சொல்வதைச் சுக்கான் பிடித்தவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

படம் முடிந்து கம்பெனியின் ஒரு பார்ஜில் போட்டுக் காட்டியபோது நானும் போனேன். முடிந்ததும் ஒரு புதுப் பையன், பரமக்குடிப் பக்கம், கேட்டான்.

"அண்ணே, அவரு வெளியவே நிக்கிறாரு, சரி. உள்ள கெடக்கிறவரு அதுக்குள்ள செத்துப்போயிட்டா?"

மெஸ் ரூமில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை என்பதால் பார்ஜ் ஆட்களின் தலைவரான டிண்டலைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. "சாகலாம்டா. நீயும் போனா ரெண்டு பேரு" என்றார். பிறகு எழுந்து போய், அவர்கள் பார்ஜில் பிஏ செட் எங்கே தொங்குகிறது என்று பையனைக் கேட்டார். இந்த முனையில் இருக்கும் தொட்டிக்கு அந்த முனையில் இருக்கும் அறையில். எடுத்து வந்து மாட்டிக்கொள்ள எத்தனை நிமிடம் ஆகும் என்று அவனையே ஓடவிட்டுப் பார்த்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவனிடம், இறங்குவதற்கு முன்னாலேயே செட், கயிறு, ஸ்ட்ரெச்சர், முக்காலி எல்லாம் வாசலில் பரப்பி வைத்தால் இந்த நிமிடமெல்லாம் மிச்சம் என்றார்.

எங்கள் படத்தில் அந்தச் சாமான்கள் வாசலில் கிடக்கின்றன, ஆனால் பின்னணியில். அந்தப் பையனின் கேள்விக்கு அவைதான் விடை. வாசலில் நிற்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, அவர் குரல் கொடுத்த நிமிடமே மீட்பு தொடங்கிவிடும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு கடற்கரைக்காரனின் கால் நிற்கும். கம்பெனியிடம் பேசி, படத்தின் தொடக்கத்தில் அந்தச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கும் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்திருக்கிறோம். மூடியைத் திறப்பதற்கு முன் வைக்கிறார்கள், வைத்து முடித்த பிறகுதான் பெர்மிட்டில் கையெழுத்து விழுகிறது. படம் இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை.

அடுத்து ஏணி ஏறுவதைப் பற்றி ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். போசன் காக்கா லீவில் பெரியபட்டினம் வந்ததும் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.